கடல் கடந்து வரும் கூலி

(தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில், பினாங்கைச் சேர்ந்த நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவள். இன்று என்னைப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டாருக்கு வேலை செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வேலை எங்கே கிடைக்கும், எப்படித் தேடுவது என்பதை எனக்கு முன் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் அதற்கு அடுத்த சங்கதிக்கு வருகிறேன். வேலை கிடைத்தது, இரவு பகலாக உட்கார்ந்து முடித்தும் கொடுத்தாயிற்று. சரி, காசு வந்ததா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் அம்மா. 2020-ஆம் ஆண்டு, மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது நினைவிருக்கும். ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. நிகழ்ச்சி இல்லை என்றால் வருமானமும் இல்லை. கார்த் தவணையும் வீட்டு வாடகையும் மட்டும் ஓயவில்லை. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, பிள்ளைகளுக்கான பாடக் காணொளிகளுக்குத் தமிழில் குரல் கொடுக்க ஆள் தேடியது. 12 காணொளிகள். ஒன்றுக்கு 40 டாலர். மொத்தம் 480 டாலர். அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே ஒலிவாங்கியை வைத்துப் பேசி முடித்தேன்.

ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டார்: "ஏம்மா, ராத்திரியெல்லாம் அலமாரிக்குள்ள உட்கார்ந்து பேசினியே, காசு எங்கே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தது. எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. நான் நினைத்தது அமெரிக்க டாலர். அவர்கள் அனுப்பியது ஆஸ்திரேலிய டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் எனக்கு 500 வெள்ளிக்கு மேல் குறைந்துவிட்டது. வழியில் வங்கிகள் பிடித்துக்கொண்டது வேறு.

அவர்கள் என்னை ஏமாற்றினார்களா? இல்லை, நேயர்களே. நான் அனுப்பிய மின்னஞ்சலை எடுத்துப் பார்த்தேன். "வேலை முடிந்தது, 480 டாலர்" என்று இரண்டே வரி. எந்த நாட்டு டாலர் என்று எழுதவில்லை. எப்போது தரவேண்டும் என்று எழுதவில்லை. வங்கிக் கட்டணம் யார் தலையில் என்று எழுதவில்லை. அவர்கள் தங்கள் நாட்டு வழக்கப்படி, தங்களுக்கு வசதியான நாளில், தங்கள் நாட்டுப் பணத்தில் கொடுத்தார்கள். தவறு என் கடிதத்தில் இருந்தது.

"பார்த்துக் கொடுங்க"

நம்மவர்களிடம் ஒரு வார்த்தை உண்டு. கல்யாண வீட்டில் மேளம் வாசித்தவரிடம் எவ்வளவு என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா, பார்த்துக் கொடுங்க" என்பார். பலகாரம் சுட்டுக் கொடுக்கும் அக்காவும் அதையேதான் சொல்வார். அதில் மரியாதை இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்த ஊரில், நாளைக்கும் கோயிலில் பார்க்கப் போகிறவர்கள் என்பதால், அந்த வார்த்தை வேலையும் செய்கிறது.

ஆனால் அந்த வார்த்தை கடல் தாண்டாது. லண்டனிலோ சிட்னியிலோ கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. உங்கள் அம்மாவின் மருந்துச் செலவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அவர் மேசைக்கு வரும் காகிதம் மட்டும்தான். காகிதத்தில் இருப்பது கிடைக்கும், இல்லாதது கிடைக்காது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

நம் தெருவே சொல்லித் தந்த பாடம்

இது புதுப்பாடம் என்று நினைக்காதீர்கள். நம்முடைய பினாங்கு ஸ்திரீட்டில், இன்று லெபோ பினாங்கு என்று சொல்கிறோமே, அங்கே செட்டியார் கிட்டங்கிகள் இருந்த கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிருந்து ரங்கூன், கொழும்பு, சென்னை என்று பணம் புரட்டினார்கள். கப்பலில் மூட்டை மூட்டையாகவா காசு போனது? காகிதம் போனது. உண்டி என்று பெயர். பணத்தை யார் யாருக்குக் கொடுக்கவேண்டும், எவ்வளவு, எந்த நாணயத்தில், எத்தனை நாளில் என்பதெல்லாம் அதில் இருக்கும். கண்டவுடன் கொடுக்கவேண்டியது தரிசன உண்டி. குறித்த நாள் கழித்துக் கொடுக்கவேண்டியது தவணை உண்டி. ஒவ்வொரு கடைக்கும் முன்னெழுத்துகளால் ஆன ஒரு விலாசம் இருக்கும். அந்த எழுத்துகளைப் பார்த்தாலே இது யாருடைய கடை என்று அடுத்த ஊர்க்காரருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த தெருவான லெபோ பந்தாயில் வெள்ளைக்காரர் வங்கிகள் வந்தன. சார்ட்டர்ட் வங்கி 1875-இலும், ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884-இலும் பினாங்குக்கு வந்தன. அவர்களும் அதே வேலையைத்தான் தங்கள் முறையில் செய்தார்கள்.

ஆக, முகம் தெரியாத ஊரிலிருந்து காசு வரவேண்டுமானால் பெயர், தொகை, நாணயம், தவணை, விலாசம் ஆகிய ஐந்தும் காகிதத்தில் இருக்கவேண்டும் என்று நம் தெருவுக்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அதே ஊரில் பிறந்து, தொடர்புத்துறையில் டிப்ளோமா வாங்கிய நான்தான் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன்!

இன்வாய்ஸில் என்ன இருக்கவேண்டும்?

சரி, வேலைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பெயர். வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கவேண்டும். அடையாள அட்டையில் தந்தை பெயரோடு நீளமாக இருக்கும். நாம் சுருக்கமாக ஒரு பெயரை வைத்துக்கொண்டிருப்போம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வங்கி பணத்தை நிறுத்தி வைக்கலாம், திருப்பியும் அனுப்பிவிடலாம். தொழில் பெயரில் பில் போட விரும்பினால் நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்யுங்கள். தனிநபர் தொழிலுக்குச் சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. அந்தச் சான்றிதழைக் காட்டித் தொழில் பெயரில் கணக்குத் திறக்கலாம்.

இரண்டாவது, வாடிக்கையாளரின் முழுப் பெயரும் முகவரியும். நம்மிடம் பேசுகிறவர் வேறு, பணம் கொடுக்கும் நிறுவனம் வேறாக இருக்கலாம். "பில்லை யார் பெயருக்குப் போடவேண்டும்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வரிசை எண்ணும் தேதியும். பெரிய நிறுவனங்களில் எண் இல்லாத பில்லைக் கணினியில் ஏற்றவே முடியாது. அது யாரோ ஒருவர் மேசையில் கிடக்கும். சில நிறுவனங்கள் தங்களுடைய கொள்முதல் ஆணை எண்ணையும் குறிக்கச் சொல்வார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, என்ன வேலை, எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. நாணயத்தை எழுத்தில் எழுதுங்கள். டாலர் என்று மட்டும் எழுதாதீர்கள். அமெரிக்காவிலும் டாலர், ஆஸ்திரேலியாவிலும் டாலர், கனடாவிலும் டாலர், நம் பக்கத்து வீடான சிங்கப்பூரிலும் டாலர்தான்.

ஐந்தாவது, கடைசித் தேதி. "30 நாளில்" என்று எழுதினால், எந்த நாளிலிருந்து 30 என்று ஒரு விவாதம் வரும். காலண்டரைப் பார்த்துத் தேதியையே எழுதிவிடுங்கள்.

ஆறாவது, பணம் வரும் வழி. வங்கியின் பெயர், கணக்கு எண், சுவிஃப்ட் குறியீடு. ஐரோப்பிய வாடிக்கையாளர் 'ஐபேன்' எண் கேட்பார். மலேசியாவில் ஐபேன் முறை கிடையாது. ஒரு தோழி அது என்னவென்று தெரியாமல் இரண்டு வாரம் தேடிக்கொண்டிருந்தார். "எங்கள் நாட்டில் ஐபேன் இல்லை, கணக்கு எண்ணும் சுவிஃப்ட் குறியீடும் போதும்" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

வழியில் காசு எங்கே போகிறது?

சுவிஃப்ட் என்பது 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட அமைப்பு. அது பணத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் செய்தி அனுப்பும் வழி அது. அனுப்பும் வங்கிக்கும் நம் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால், நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் வரும். சாலையில் டோல் போலத்தான். ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 480 அனுப்பினால் 450 வருவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருக்கு என்பது ஒன்று. இருவரும் பகிர்ந்துகொள்வது இரண்டு. எல்லாம் பெறுகிறவர் தலையில் என்பது மூன்று. வங்கிப் படிவத்தில் இவற்றை 'அவர்', 'ஷா', 'பென்' என்று குறிப்பார்கள். எதுவென்று வேலை தொடங்கும் முன்பே பேசி, பில்லிலும் எழுதிவிடுங்கள்.

"அனுப்பிவிட்டோம்" என்று அவர்கள் சொல்லியும் பணம் வரவில்லையா? பயப்படாதீர்கள். பணம் அனுப்பியதற்கான வங்கி ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். அதில் 'யூ.இ.டி.ஆர்.' என்று 36 எழுத்துகள் கொண்ட ஓர் எண் இருக்கும். அதை உங்கள் வங்கியில் கொடுத்தால் பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். அந்த நகலைக் கொடுக்க ஒருவர் தயங்கினால், பணம் இன்னும் அனுப்பப்படவில்லை என்று சந்தேகிக்கலாம்.

வங்கி தவிர வேறு வழிகளும் உண்டு. வைஸ், பேயோனியர், பேபால் போன்றவை நம்மவர்களுக்கு இப்போது பழக்கமானவை. 'இலவசம்' என்ற வார்த்தையைப் பார்த்து மயங்காதீர்கள். கட்டணம் குறைவாக இருக்கும் இடத்தில் மாற்று விகிதத்தில் பிடித்துக்கொள்வார்கள். எந்த வழியானாலும் ஒரே கணக்குதான்: அங்கே எவ்வளவு புறப்பட்டது, என் கணக்கில் எத்தனை வெள்ளி விழுந்தது? லெபோ பினாங்கில் நோட்டு மாற்றுகிறவரிடம் "கையில் எவ்வளவு வரும்?" என்றுதானே கேட்கிறோம். அதே கேள்விதான் இங்கும்.

வேலை தேடித்தரும் இணையச் சந்தைகளுக்கும் ஒரு விலை உண்டு. ஃபைவர் போன்ற இடத்தில் நம் வருமானத்தில் 20 விழுக்காடு தரகாகப் போய்விடும். ஆனாலும் வாடிக்கையாளரின் பணத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தத் தரகு ஒரு காப்புறுதி மாதிரி.

தாமதத்துக்கும் விலை உண்டு

ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1998 செப்டம்பரில் தொடங்கி 2005 ஜூலை 21-ஆம் தேதியோடு முடிந்தது. இன்று அப்படி இல்லை. 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு இறங்கியது. 500 டாலர் பில் ஒன்றைப் பிப்ரவரியில் வாங்கியவருக்கு ஏறக்குறைய 2,400 வெள்ளி. அதே பில் செப்டம்பர் வரை இழுத்தடிக்கப்பட்டிருந்தால் 2,060 வெள்ளி. வாடிக்கையாளர் ஒரு காசும் குறைக்கவில்லை. தாமதம் மட்டுமே 340 வெள்ளியைத் தின்றுவிட்டது. நாணயம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அது நம் கையில் இல்லை. தேதி நம் கையில் இருக்கிறது.

900 டாலர் போன கதை

இவ்வளவு சொல்கிறாளே, இவள் இப்போது கெட்டிக்காரி ஆகிவிட்டாள் என்று நினைப்பீர்கள். கேளுங்கள். முதல் அனுபவத்துக்குப் பிறகு பில்லை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டேன். அடுத்த ஆண்டு வேறொரு வாடிக்கையாளர் வந்தார். நல்ல பேச்சு. ஒவ்வொரு நாளும் நலம் விசாரிப்பார். அம்மாவின் உடல்நிலையைக் கூடக் கேட்பார். 900 டாலர் வேலை. ஒப்பந்தம் எதுவும் இல்லை. எல்லாம் தொலைபேசியில் பேசியதுதான். முன்பணம் கேட்க எனக்கு வெட்கம். இவ்வளவு நல்ல மனிதரிடம் எப்படிக் கேட்பது?

வேலையை முடித்து, எல்லாக் கோப்புகளையும் அனுப்பிவிட்டு, அழகான பில் ஒன்றும் அனுப்பினேன். அன்றோடு மனிதர் அமைதியாகிவிட்டார். 11 மின்னஞ்சல் எழுதினேன். முதல் கடிதத்தில் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கினேன். யோசித்துப் பாருங்கள், என் காசைக் கேட்க நான் மன்னிப்புக் கேட்கிறேன்! கடைசி மின்னஞ்சல் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

வழக்கறிஞராக இருக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். "தங்கச்சி, வழக்குப் போடலாம். அந்த நாட்டில் போய்ப் போடணும். 900 டாலர் வாங்க எத்தனை ஆயிரம் செலவு பண்ணுவே?" என்றார். அந்த மாதம் அம்மா தன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்துத்தான் வாடகை கொடுத்தோம். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. முதல் முறை என் காகிதத்தில் குறை. இரண்டாம் முறை காகிதம் சரி, ஆனால் மிகவும் தாமதமாக வந்தது. வேலை முடிந்த பிறகு எழுதும் பில் கடைசிக் காகிதம்தான். முதல் காகிதத்தை வேலை தொடங்கும் முன் எழுதவேண்டும்.

முதல் காகிதம்

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? பத்திரத்தாள், முத்திரை என்று பயப்பட வேண்டாம். தொலைபேசியில் பேசி முடித்தவுடன் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். "நாம் பேசிக்கொண்டபடி இன்ன வேலை, இன்ன தேதிக்குள், இத்தனை அமெரிக்க டாலர். பாதி முன்பணம், பாதி வேலை முடிந்த 14 நாளில். வங்கிக் கட்டணம் உங்களுடையது. சரி என்றால் பதில் அனுப்புங்கள்." அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை எழுதினால் அது உங்கள் கையில் ஓர் ஆதாரம்.

முன்பணம் கேட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தையற்காரர் துணி வெட்டும் முன் பணம் வாங்கவில்லையா? பந்தல் போடுகிறவர் வாங்கவில்லையா? முன்பணத்துக்கே ஓடுகிறவர் பின்பணத்துக்கு நிற்பார் என்று என்ன நிச்சயம்?

பெரிய வேலையாக இருந்தால் மூன்று நான்கு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்குக்குப் பணம் வந்தபின் அடுத்ததைத் தொடங்குங்கள். இறுதிக் கோப்பைக் கொடுக்கும் முன் முத்திரையிட்ட மாதிரியைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசுக்குச் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். ஆகவே "முழுப் பணம் வந்து சேர்ந்த பிறகே உரிமை மாறும்" என்ற வரியை அந்த முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள். பணம் வராமல் உங்கள் குரலையோ படத்தையோ அவர்கள் பயன்படுத்தினால் அந்த வரி உங்களுக்குத் துணை நிற்கும்.

கேட்பது பிச்சை அல்ல

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல். அன்றைக்கு ஒன்று. ஒரு வாரம் கழித்து ஒன்று. மூன்றிலும் பில் எண்ணும் தொகையும் தேதியும் இருக்கட்டும். கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும் நண்பருக்கு மட்டும் எழுதாமல், கணக்குப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பாதி நேரம் தாமதத்துக்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல. யாரோ ஒருவர் கையெழுத்துப் போட மறந்திருப்பார். ஆனால் பாக்கி நிற்கும்போது அடுத்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் அல்ல. நியூயார்க் நகரத்திலேயே தனியாக வேலை செய்கிறவர்களுக்குக் கூலி கொடுக்காமல் இழுத்தடித்ததால், 2017 மே மாதம் ஒரு சட்டமே அமலுக்கு வந்தது. 800 டாலருக்குக் குறையாத வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்து 30 நாளில் பணம் கொடுக்கவேண்டும். பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம், தாமதமான வணிகக் கடனுக்கு வட்டி கேட்க வழி செய்கிறது. சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நீதிமன்றம் 20,000 சிங்கப்பூர் டாலர் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். எந்த நாட்டுக்கு வேலை செய்கிறோமோ அந்த நாட்டில் என்ன வழி இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வரியும் எச்சரிக்கையும்

"வெளிநாட்டுக் காசுதானே, வரி கிடையாது" என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். தவறு. வாடிக்கையாளர் எங்கே இருந்தாலும், வேலையை மலேசியாவில் உட்கார்ந்து செய்தால் அது மலேசிய வருமானம். தொழில் வருமானம் உள்ளவர்கள் வருமான வரி வாரியத்துக்குப் 'பி' பாரம் அனுப்பவேண்டும். பில், வங்கி அறிக்கை, செலவு ரசீது எல்லாவற்றையும் 7 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். 2024 ஆகஸ்டு முதல் படிப்படியாக வந்த மின்-இன்வாய்ஸ் முறையில் சிறு தொழில்களுக்கு விலக்கு உண்டு. அந்த வரம்பு சில முறை மாற்றப்பட்டிருப்பதால் வாரியத்தின் தளத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒழுங்கான கணக்கு வரிக்கு மட்டும் அல்ல. நாளை வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போது மாதச் சம்பளச் சீட்டு இல்லாத நமக்கு அதுதான் சாட்சி.

அமெரிக்க நிறுவனங்கள் 'டபிள்யூ-8பென்' என்ற பாரத்தை நிரப்பச் சொல்வார்கள். பயப்படவேண்டாம். நீங்கள் அமெரிக்கக் குடிமகன் அல்ல என்று அறிவிக்கும் பாரம் அது. சென்னை நிறுவனங்கள் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பலாம். அப்படிப் பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாட்டுக்கும் வரி உடன்பாடு இருப்பதால் இங்கே கணக்குக் காட்ட அது உதவும்.

கடைசியாக மோசடி. "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் நில்லுங்கள். முதலில் வந்த காசோலை திரும்பிப் போகும். நீங்கள் அனுப்பியது திரும்பி வராது. "உங்கள் பணத்தை விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள்" என்பதும் பொய்தான். உங்கள் கணக்கு வழியாக வேறு யாருடைய பணமாவது போய்வர அனுமதித்தால் நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு

நேயர்களே, இன்று லெபோ ஆர்மேனியன் பக்கம் போனால், காப்பிக் கடைகளில் வெளிநாட்டு இளைஞர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். 2022-இல் நம் அரசாங்கம் இவர்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு தனி அனுமதியைத் தொடங்கியது. அவர்கள் இங்கே உட்கார்ந்துகொண்டு தங்கள் நாட்டுக்கு வேலை செய்து, டாலரில் வாங்குகிறார்கள். அவர்களிடம் உள்ள திறமை பட்டர்வொர்த்திலும் பாயான் லெப்பாஸிலும் உள்ள நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. அவர்கள் "என் கட்டணம் இவ்வளவு, இந்தத் தேதிக்குள்" என்று கூச்சம் இல்லாமல் சொல்கிறார்கள். நாம் "பார்த்துக் கொடுங்க" என்கிறோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை அறைக்குள் கணினி முன் உட்கார்ந்திருந்தால் "என்ன விளையாட்டு?" என்று கேட்காதீர்கள். "முன்பணம் வாங்கினாயா?" என்று கேளுங்கள்.

அம்மாவின் சங்கிலியை எட்டு மாதம் கழித்து மீட்டேன். அந்த 900 டாலர் இன்றுவரை வரவில்லை, இனி வராது. அந்தப் பில்லை மட்டும் நான் கிழித்துப் போடவில்லை. என் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன். புதிய வாடிக்கையாளர் யாராவது இனிமையாகப் பேசி, "முதலில் வேலையைத் தொடங்குங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும்போதெல்லாம் அந்தத் தாளை ஒரு முறை பார்த்துக்கொள்வேன். பிறகு பணிவாக எழுதுவேன்: "மிக்க மகிழ்ச்சி. முன்பணம் வந்ததும் தொடங்குகிறேன்."